ஏற்றமும் இறக்கமும்: புதிதாய் மிதிவண்டி ஊர்வார்க்கு வேண்டுவன

நம் கல்லூரியின் மிதிவண்டிக் கொட்டகையை நோக்குமிடத்து, பள்ளி நாளில் அரசினர் விலையின்றி அளித்த வண்டிகள் ஒருபுறம் நிற்கக் காண்கின்றோம். மெல்லிய சக்கரமும் வளைந்த கைப்பிடியும் உடைய சாலை வண்டிகள் சில மறுபுறம் நிற்கின்றன. விடுமுறை நாளில் நெடுந்தூரம் ஊர்ந்து, மலையேறி மீளவேண்டும் என்னும் ஆவல் நம்மிற் பலர்க்கு உண்டாகியிருக்கின்றது. ஆவல் நல்லதே. ஆயின், வண்டி வாங்கிய மறுநாளே, இனி என்ன வாங்கவேண்டும் என்னும் வினா எழுகின்றது. கடைக்காரர் ஒன்று கூறுவர். தோழர் பிறிதொன்று கூறுவர். கையிலுள்ள பொருளோ சிறிது. ஆகவே எவை இன்றியமையாதன, எவை பின்னர்க் கொள்ளத்தக்கன என்பதனை, கொல்லிமலையில் யாம் கற்ற பாடமொன்றின் துணைகொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தின்கண் உள்ளது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இதுவென்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. மலைமேலுள்ள ஊர்கள் இன்றும் நாடு என்னும் பழம்பெயரால் வழங்கும் பதினான்கு பகுதிகளாக அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று எடப்புளி நாடு. எம் வகுப்புத் தோழர் ஒருவர் அந்நாட்டினர். மலையின் மேற்பரப்புக் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிவாரத்திலுள்ள காரவள்ளியினின்று மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இச்சாலை மிதிவண்டியாளர்க்கு ஒரு பரீட்சை மண்டபம் போன்றது.

சென்ற ஆண்டு மார்ச்சுத் திங்களில் யாம் நால்வர் அத்தோழரின் இல்லம் நோக்கி மிதிவண்டியில் மலையேறினோம். ஏறுங்கால் பலமுறை இறங்கி நின்றோம், மூச்சு வாங்கினோம், எனினும் நண்பகலுக்குள் மேலே சேர்ந்தோம். தோழரின் தந்தையார் பலாச்சுளையும் சாமைச் சோறும் அளித்து எம்மை ஓம்பினார். பின்னர் எம் வண்டிகளைச் சுற்றிவந்து நோக்கி, “தம்பிகளா, ஏறி வந்துவிட்டீர்கள், சந்தோஷம். இறங்குவதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்று வினவினார். அவர் விளையாட்டாகக் கேட்கின்றார் என்று எண்ணி நகைத்தோம். வாழைத்தார் ஏற்றிய லாரிகள் அச்சாலையில் எத்துணை மெல்ல இறங்குகின்றன என்பதனை அவர் தம் வாழ்நாளெல்லாம் கண்டவர் என்பது எமக்கு அப்பொழுது தோன்றவில்லை.

எம்மிடம் வேகங் காட்டும் கருவி இருந்தது, குளிர்கண்ணாடி இருந்தது, வண்ணச் சட்டை இருந்தது. நால்வர்க்கும் விளக்கு ஒன்றே. தலைக்கவசம் இருவரிடமே இருந்தது. பேச்சிற் பொழுதுபோக்கி, மாலை மயங்கும் வேளையில் இறங்கத் தொடங்கினோம். பாதி வழியில், பழைய வண்டியொன்றை விலைக்கு வாங்கியிருந்த தோழர் ஒருவர் பிரேக்கைப் பற்றினார், கட்டை தேய்ந்து இரும்பு உராயும் ஓசை கேட்டது, வண்டி நிற்கவில்லை. வளைவின் ஓரத்துச் சுவரில் மோதி வீழ்ந்தார். தலைக்கவசம் இரண்டாய்ப் பிளந்தது. தலைக்கு ஊறு இல்லை. வலப்புறக் காறையெலும்பு முறிந்தது. அவர் ஏப்ரல் மாதப் பருவத் தேர்வை எழுத இயலாது போயிற்று. அவருக்கு வண்டியை விற்றவர் பிரேக்கைப் பற்றி ஒன்றும் கூறவில்லை என்பது மெய்யே. ஆயினும் வினவாத குற்றம் எம்முடையதே.

அன்று யாம் கற்ற பாடம் இது: மேலேறுதற்கு வேண்டுவது பெரும்பாலும் மூச்சும் பொறுமையுமே, அவை காசுக்குக் கிடையா. கீழிறங்குதற்கு வேண்டுவனவே காசு கொடுத்து வாங்கத்தக்க சாமான்கள். புதியவர் ஒருவர் தம் சிறு பொருளை, தம்மை விரைவாகச் செலுத்துவனவற்றிற்கு அன்றி, நலமாக வீடு சேர்ப்பனவற்றிற்கே முதலிற் செலவிடுதல் வேண்டும். இவ்விதியைக் கொண்டு ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. பிரேக்கு

வண்டியும் ஆளும் சேர்ந்து 75 கிலோகிராம் நிறையுடையன என்றும், 1000 மீட்டர் இறங்குகின்றன என்றும் கொள்வோம். பௌதிக நூல் கூறும் கணக்கின்படி, அவ்விறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 7,35,000 ஜூல் ஆகும். அறையின் வெப்பநிலையிலுள்ள இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கச் செய்தற்கு இவ்வாற்றல் போதும். சமவெளியில் விரைந்து செல்லுங்கால் எதிர்காற்றே வேகத்தைக் குறைத்துவிடும். வளைவு நெருங்கிய மலைச்சாலையிலோ நாம் மெல்லச் செல்வதால், அவ்வெப்பத்திற் பெரும்பகுதியை இரு சிறு ரப்பர்க் கட்டைகளும் ரிம்முமே தாங்கவேண்டும். இடைவிடாது பிரேக்கை அழுத்தியவாறே இறங்கினால் ரிம் காய்ந்து, உள்ளிருக்கும் டியூபே வெடித்தல் கூடும்.

ஆதலின், புறப்படுமுன் கட்டைகளை நோக்குக. அவற்றின் மேலுள்ள பள்ளக் கோடுகள் தேய்ந்து மறைந்திருப்பின் புதியன பூட்டுக. அவற்றின் விலை பெரிதன்று. கம்பியில் இழை பிரிந்திருப்பின் அதனையும் மாற்றுக. பிடியை முழுதும் அழுத்தினாலும் அது கைப்பிடியைத் தொடலாகாது. எந்தப் பிடி எந்தச் சக்கரத்திற்கு உரியது என்பதனை முதல் நாளே அறிக. நம் நாட்டு வண்டிகளில் வலக்கைப் பிடி முன்சக்கரத்திற்கு உரியதாயிருத்தலே பெருவழக்கு. இறங்குங்கால், வளைவிற்கு முன்னர் நேர்ப்பாதையிலேயே இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவினுள் அவற்றைத் தளர்த்துக. மழையில் ரிம் நனைந்திருப்பின், கட்டை பற்றுதற்குச் சக்கரம் சில சுற்றுக்கள் சுழலவேண்டும். அதற்கேற்ப முன்னரே பிடிக்க. டிஸ்க் பிரேக்கு நீரிலும் நன்கு பற்றும். ஆயின் இறங்கியவுடன் அத்தகட்டைத் தொட்டால் விரல் வெந்துபோம்.

2. தலைக்கவசம்

இதன் உள்ளே அமைந்துள்ள நுரைப்பொருள், வீழ்ச்சியின் விசையைத் தான் நசுங்கி ஏற்றுக்கொள்வது. ஒருமுறை மோதியது வெளியே முழுதாகத் தோன்றினும் உள்ளே நசுங்கியிருத்தல் கூடும். அதனை மறுபடியும் அணியலாகாது. புருவத்திற்கு மேல் இரண்டு விரலளவே இடம் விட்டு நேராக அணிக. பிடரியில் தள்ளி அணிதல் நெற்றியைக் காவாது. வார்கள் காதின் கீழே ஒன்றுகூடவேண்டும்; மோவாயின் கீழே ஒரு விரல் நுழையும் அளவே தளர்ச்சி இருக்கலாம். மோட்டார் வண்டிக்குரிய கவசம் கனமானது, காற்றோட்டம் இல்லாதது. மிதிவண்டிக்கென்றே சோதிக்கப்பட்டு, இ.என். 1078 போன்ற தர எண் பொறித்ததனைத் தேர்ந்து கொள்க.

பெரும்பந்தய வீரர்களும் ஒரு காலத்தில் இதனை இகழ்ந்தனர். 1995-ஆம் ஆண்டுப் பிரான்சு நாட்டுப் பெரும்பந்தயத்தில், பிரனீசு மலையிறக்கம் ஒன்றில், கவசமின்றிச் சென்ற இத்தாலிய வீரர் ஃபாபியோ கசார்த்தெல்லி வீழ்ந்து உயிர் நீத்தார். 2003-இல் பாரிசு–நீசுப் பந்தயத்தில் கசாக்குத்தான் வீரர் அந்திரேய் கிவிலேவ் வீழ்ந்து இறந்தார். அவரும் கவசம் அணிந்திலர். அவ்வாண்டே உலக மிதிவண்டிச் சங்கத்தார் கவசத்தைக் கட்டாயமாக்கினர். ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற கசார்த்தெல்லிக்கே இறக்கத்தில் திறமை ஒன்று மட்டும் காவலாகவில்லையெனின், நம்மனோரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

3. விளக்கும் மணியும்

முன்னே வெண்ணிற விளக்கும் பின்னே செந்நிற விளக்கும் வேண்டும். மாலைக்குள் மீள்வேம் என்று கருதி விளக்கை வீட்டில் விடுதல் பிழை. பஞ்சரோ மழையோ நம் கணக்கை மாற்றிவிடும். மலையிற் பகலிலும் மூடுபனி வந்து சூழும். அக்காலத்துப் பின்விளக்கே பேருந்து ஓட்டுநர்க்கு நம்மைக் காட்டுவது. வெளிர்மஞ்சட் சட்டையும் ஒளியை மீட்டுக்காட்டும் பட்டையும் துணை செய்யும். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கவேண்டும் என்னும் விதியுடைய ‘பிரெவே’ நெடும்பயணங்களிலும், இரவில் விளக்கும் ஒளிப்பட்டையும் இன்றி எவரையும் செல்ல விடார்.

மணியை அற்பமென்று எண்ணற்க. கொண்டை ஊசி வளைவில் எதிர்வருவோர் நம்மைக் காணார். ஓசையே நமக்கு முன்தூதன். வளைவில் எப்பொழுதும் இடப்புறமே செல்க. மேலேறும் வண்டிக்கு வழிவிடுதல் மலைச்சாலை விதி. பேருந்து வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டே திரும்பும்; அதனைக் கண்டால் ஒதுங்கி நிற்றலே அறிவுடைமை.

4. பஞ்சர் ஒட்டும் கருவிகள்

காற்றடைத்த டயரை 1888-இல் பெல்பாஸ்டு நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப் என்பார் அமைத்தார். அன்று தொடங்கிப் பயணம் மெத்தென்றாயிற்று. முள்ளின் அச்சமும் உடன்வந்தது. மாற்று டியூப் ஒன்று, டயரைக் கழற்றும் நெம்புகோல் இரண்டு, ஒட்டுத்துண்டும் சொல்யூஷனும் உப்புத்தாளும், கையடக்கமான பம்பு, ஆறுமூலைச் சாவிகள் கொண்ட மடக்குக்கருவி ஆகிய இவற்றை இருக்கையின் கீழ்த் தொங்கும் சிறு பையில் அடக்கிவிடலாம்.

ஈண்டுப் புதியவர் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. நம் பழைய வண்டிகளின் வால்வில் வால்டியூப் என்னும் சிறு ரப்பர்க் குழல் இருக்கும். மோட்டார் வண்டியினது போன்ற தடித்த வால்வு மற்றொரு வகை. மெல்லிய சாலை வண்டிகளில் ‘பிரெஸ்டா’ என்னும் ஒடுங்கிய வால்வே பெரும்பாலும் அமைந்திருக்கும். பெட்ரோல் நிலையத்துக் காற்றுக்குழாய் இதனோடு பொருந்தாது. சிறு பித்தளை இணைப்பு ஒன்று வேண்டும். டியூபின் அளவும் வேறு. ஊர்ப்புறக் கடையில் 28 அங்குலப் பழைய வண்டியின் டியூப் எளிதிற் கிடைக்கும்; 700சி என்னும் அளவு கிடைத்தல் அரிது. ஆகவே உம் வால்வு எது, டயரின் அளவு எது என்பதனைக் குறித்துக்கொண்டு, ஏற்றதோர் டியூபை உடன் எடுத்துச் செல்க. பஞ்சர் ஒட்டும் வித்தையை விடுதி முற்றத்தில் இருமுறையேனும் பழகிக்கொள்க. கருவி இருந்தும் பழக்கம் இல்லாதவன் கருவி இல்லாதவனே.

5. நீரும் உணவும்

வெயிலில் ஊர்வார்க்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை நீர் வேண்டியிருக்கும். ஆதலின் வண்டிச் சட்டத்தில் புட்டி தாங்கி இரண்டு பூட்டுக. வியர்வையோடு உப்பும் கழிதலால், நெடும்பயணத்தில் வெறுநீர் மட்டும் போதாது. மருத்துவர் கூறும் வீட்டுமுறை எளியது: ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கலக்க. கடலைமிட்டாயும் வாழைப்பழமும் இருக்க, விலையுயர்ந்த பொடிகள் நமக்கு வேண்டா. மலைச்சாலையில் குரங்குகள் மிகுதி. தின்பண்டத்தை வெளியே தெரியும்படி வைத்தல் தகாது.

6. உடை

உராய்வைத் தடுக்கும் மெத்தை தைத்த காற்சட்டையும், உள்ளங்கையில் மெத்தையுள்ள கையுறையும் நெடும்பயணத்திற்குப் பெரிதும் உதவுவன. வீழ்பவர் கையை ஊன்றியே வீழ்வராதலின், கையுறை தோலையும் காக்கும். மடித்துப் பையில் வைக்கத்தக்க மெல்லிய மேற்சட்டை ஒன்றும் கொள்க. ஏறுங்கால் உடல் வியர்வையில் நனையும். இறங்குங்கால் அவ்வியர்வையிற் காற்று மோதி விரல்கள் விறைத்துப் போம். விறைத்த விரல் பிரேக்கைப் பற்றாது. வேட்டியின் முனையும், துப்பட்டாவும், சேலைத் தலைப்பும், அவிழ்ந்த காலணிக் கயிறும் சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் விளைவது பெருந்தீங்கு. சகோதரிமார் இதனைச் சிறப்பாகக் கருதுவாராக. பெடலோடு பூட்டும் காலணிகளை முதலாண்டில் நாடவேண்டா. தட்டையான அடியுடைய காலணியே போதும்.

7. கியரும் பொருத்தமும்

முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் உடைய ஒற்றைக் கியர் வண்டியைப் பெடலால் ஒருமுறை சுற்றினால், அது ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். சமவெளிக்கு அது நன்று. செங்குத்தான ஏற்றத்திற்கு ஆகாது. முன்னும் பின்னும் 34 பல் அமைந்த கியரில் ஒரு சுற்றிற்கு இரண்டு மீட்டர் அளவே செல்லும். மெல்லச் செல்லினும் முழங்கால் வருந்தாது. வண்டி வாங்குங்கால் மிக உயர்ந்த கியரை வினவாது, மிகத் தாழ்ந்த கியரையே வினவுக.

ஓரியின் குதிரைக்கும் ஓரி என்பதே பெயர். ஏறுபவனும் ஏறப்படுவதும் ஒன்றே என்னும்படி பொருந்தியிருந்தமையை அப்பெயர் குறிப்பதாக யாம் கொள்வதுண்டு. மிதிவண்டியும் அங்ஙனமே உடலோடு பொருந்தவேண்டும். குதிகாலைப் பெடலில் வைத்து அதனைக் கீழ்நிலைக்குக் கொணர்ந்தால், கால் நேராக நீளுதல் வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்குங்கால் முழங்கால் சிறிதே வளைந்திருக்கும். இதுவே இருக்கையின் உயரத்திற்கு எளிய அளவு. இதற்குக் காசு வேண்டா. சாவி ஒன்று போதும்.

பொருத்தம் பிழைத்தால் உடல் அறிவிக்கும். முழங்கால் நோவும், சிறுவிரல் மரத்துப்போம். நோவைப் பொறுத்தலே வீரம் என்று புதியவர் கருதுவர். ஈண்டுக் கொல்லிமலையில் வளர்ந்த பெரியார் ஒருவரை நினைவுகூர்தல் தகும். மிஷனெரிமாராகிய ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவியார் ஈவ்லினும் இம்மலையில் ஊழியஞ் செய்தனர். ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலால் இறந்தார். அம்மையார் முதுமையிலும் மலைமட்டக் குதிரைமீதேறி ஊர் ஊராகச் சென்று, 1974-இல் இறைவனடி சேர்ந்தார். அவர்தம் மைந்தர் பால் பிராண்டு 1914-இல் பிறந்து, இளமையில் இம்மலையில் வளர்ந்தார். 1946 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளருக்குத் தொண்டு புரிந்தார். நோய் விரலைத் தின்பதன்று. நோவுணர்ச்சி அழிந்தமையால் அறியாது படும் புண்களே விரலை அழிக்கின்றன என்று அவர் காட்டினார். நோவு இறைவன் அளித்த காவலாள் என்பது அவர் வாழ்நாட் கொள்கை. ஆதலின் முழங்கால் நொந்தால் வண்டியை நிறுத்துக, இருக்கையைத் திருத்துக. காவலாளின் குரலை அடக்கிவிட்டு முன்னேறுதல் வீரமன்று.

8. வாங்கும் முறை

இதுகாறும் கூறியவற்றை மூன்று வரிசையாகத் தொகுத்துரைப்போம். முதல் மாதத்திற் கொள்ளவேண்டுவன: நல்ல பிரேக் கட்டை, தலைக்கவசம், முன்பின் விளக்குகள், மணி, பஞ்சர்ப் பை, பம்பு, நீர்ப்புட்டி. இவற்றோடு பெயர், இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியன எழுதிய சீட்டு ஒன்றும் சட்டைப் பையில் இருத்தல் வேண்டும்; அதற்குச் செலவில்லை. விபத்து நேரின் 108 என்னும் எண்ணுக்கு அறிவிக்க. பொருள் சேர்ந்தபின் கொள்ளத்தக்கன: கையுறை, மெத்தைக் காற்சட்டை, மழைக்காற்றுச் சட்டை, பூட்டுச் சங்கிலி. ஓராண்டு கழித்து, வேட்கை நிலைத்திருப்பின் கொள்ளலாவன: வேகங் காட்டும் கருவி, பூட்டுக் காலணி, பந்தயச் சட்டை. யாம் இவ்வரிசையைத் தலைகீழாகக் கொண்டோம்; அதன் விலையை எம் தோழர் செலுத்தினார்.

கோபுரங் கட்டப் புகுவோன் முன்னரே செலவைக் கணக்கிடுதல் வேண்டும் என்று நம் ஆண்டவர் உவமை கூறினார். மலையேறப் புகுவோனும் உச்சிவரையிற் கணக்கிடின் போதாது. மீண்டு தன் வீட்டு வாயில் வரையிற் கணக்கிடவேண்டும். பருவத் தேர்வை இழந்த தோழர் அடுத்த பருவத்தில் அதனை எழுதித் தேறினார். அதன்பின் யாம் நால்வரும் மறுபடியும் எடப்புளி நாட்டிற்குச் சென்றோம். தோழரின் தந்தையார் வினவுமுன்னரே வண்டிகளை அவர்முன் நிறுத்திப் பிரேக்கைப் பிடித்துக் காட்டினோம். அவர் கட்டைகளைத் தம் விரலால் தடவிப் பார்த்து, “இப்போது சரி, வெயில் சாய்வதற்குள் புறப்படுங்கள்” என்றார். அவ்வாறே புறப்பட்டு, எழுபது வளைவுகளையும் பகலொளியிற் கடந்து, நால்வரும் நலமே அடிவாரம் சேர்ந்தோம்.

விடுதியில் இப்பொழுது பம்பு ஒன்றும் பஞ்சர்ப் பை ஒன்றும் பொதுவாக வைத்திருக்கின்றோம். வேண்டுவோர் பெற்றுச் செல்க; மீளக் கொணர்ந்து வைக்க.